யாரை எதிர்த்து நிற்க முடியாது?

2022 ஜூன் 23 அன்று, பொது இடத்தில் துப்பாக்கியோடு நடமாடும் உரிமை பற்றிய புரூயன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வென்ற தரப்புக்கு வாதாடியவர் பால் கிளமென்ட். புஷ் ஆட்சியில் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்தவர். அந்த நீதிமன்றத்துக்கு நன்கு பழகிய முகம். தீர்ப்பு வந்த அன்றே அவர் பங்குதாரராக இருந்த கிர்க்லண்ட் அண்ட் எல்லிஸ் நிறுவனம், துப்பாக்கி உரிமை வழக்குகளை இனி எடுப்பதில்லை என்று அறிவித்தது. கட்சிக்காரர்களை விடு, இல்லையேல் நிறுவனத்தை விடு என்பதுதான் அதன் பொருள். கிளமென்ட்டும் சக வழக்கறிஞர் எரின் மர்ஃபியும் நிறுவனத்தை விட்டு வெளியேறி, தங்கள் பெயரிலேயே சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள்.

கிளமென்ட்டுக்கு இது முதல் முறையல்ல. ஒருபால் திருமணங்களை மத்திய அரசு ஏற்கக் கூடாது என்ற சட்டத்தைக் காப்பதற்காக, 2011-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சார்பில் வக்காலத்து ஏற்றார். எதிர்ப்பு கிளம்பியதும் அவர் அப்போது இருந்த கிங் அண்ட் ஸ்பால்டிங் நிறுவனம் வழக்கிலிருந்து பின்வாங்கியது. அவர் ராஜினாமா செய்துவிட்டு பான்கிராஃப்ட் என்ற மிகச் சிறிய நிறுவனத்தில் சேர்ந்தார். 2016-இல் அங்கிருந்தவர்கள் பலரையும் அழைத்துக்கொண்டு கிர்க்லண்டுக்குப் போனார். ஆறு ஆண்டுகளில் மறுபடியும் வெளியே வந்தார். அவர் எடுத்த வழக்குகள் எனக்கு உவப்பானவை அல்ல. ஆனால் ஒரே வழக்கறிஞர் பெரிய நிறுவனம், சிறிய நிறுவனம், மிகப் பெரிய நிறுவனம், மறுபடியும் சிறிய நிறுவனம் என்று சுற்றி வந்த இந்தப் பாதையில், வழக்கறிஞர் தேடும் எவரும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இத்தனை இடமாற்றத்திலும் அவருடைய திறமை ஒரே திறமைதான். எந்தக் கூரையின் கீழ் இருந்தால் யாருக்காக நிற்க முடியும், யாரை எதிர்த்து நிற்க முடியாது என்பது மட்டுமே மாறியது.

பெரிய சட்ட நிறுவனமா, ஒரே துறையில் மட்டும் தொழில் செய்யும் சிறிய 'பொட்டிக்' நிறுவனமா என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள் பொய்யானவை அல்ல. பெரியதில் ஆள்பலம் உண்டு, எல்லாத் துறையும் ஒரே இடத்தில் கிடைக்கும், பல நாடுகளில் அலுவலகம் இருக்கும். சிறியதில் ஆழம் உண்டு, மூத்தவரே நேரில் கவனிப்பார், செலவு குறையலாம். ஆனால் இவையெல்லாம் இரண்டாம் வரிசைக் காரணங்கள் என்பது என் கருத்து. முதலில் கேட்க வேண்டியது, இந்த நிறுவனம் யாரை எதிர்க்க முடியாது என்பதை. அமெரிக்காவில் இன்று பேர் பெற்ற பொட்டிக் நிறுவனங்கள் பலவற்றின் பிறப்புக் கதையும் அங்கேதான் தொடங்குகிறது.

இதற்கு அடித்தளம் ஒரு தொழில்முறை விதி. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1983-இல் வகுத்த மாதிரி நடத்தை விதிகள் ஏதோ ஒரு வடிவில் பெரும்பாலான மாநிலங்களில் நடைமுறையில் உள்ளன. அவற்றில் 1.7 என்ற விதி, இப்போதைய கட்சிக்காரர் ஒருவருக்கு எதிராக, அவருடைய ஒப்புதல் இல்லாமல், வேறொருவருக்காக நிற்கக் கூடாது என்கிறது. இரண்டு விவகாரங்களுக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும் தடை தடைதான். 1.10 என்ற விதி இன்னும் ஒரு படி போகிறது. நிறுவனத்தில் ஒருவருக்கு உள்ள தடை, பொதுவாக அந்த நிறுவனத்தில் உள்ள அத்தனை பேருக்கும் உள்ள தடையாகக் கொள்ளப்படும். பத்துப் பேர் உள்ள நிறுவனத்தில் இது பெரிய சுமையல்ல. ஆயிரக்கணக்கான வழக்கறிஞர்கள், பல நகரங்களில் அலுவலகங்கள் என்றாகும்போது கணக்கே வேறு. சிகாகோவில் ஒருவர் ஒரு வங்கியின் சின்ன ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், ஹூஸ்டனில் உள்ள அவருடைய சகா அந்த வங்கிமேல் வழக்குப் போட முடியாது. நிறுவனம் வளர வளர, அதற்கு மூடப்படும் கதவுகளும் பெருகுகின்றன.

இது விதி தடுக்கும் முரண். வியாபாரம் தடுக்கும் முரண் என்று இன்னொன்றும் உண்டு. கிளமென்ட்டைத் தடுத்தது எந்த விதியும் அல்ல. துப்பாக்கி வழக்குகளை விரும்பாத மற்ற கட்சிக்காரர்களின் முகச்சுளிப்பே போதுமானதாக இருந்தது. வங்கிகளுக்குக் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்து வாழும் நிறுவனம், தன் கட்சிக்காரர் அல்லாத ஒரு வங்கியின்மீதும் வழக்குப் போடத் தயங்கும். இன்று எதிரியாக இருப்பவர் நாளைய கட்சிக்காரராகலாம். அந்த வழக்கில் அது வைக்கும் வாதமும் நாளைக்குத் தன் சொந்தக் கட்சிக்காரர்கள்மீது திரும்பலாம். இந்த இரண்டாம் வகை எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டிருக்காது. கேட்டால்தான் தெரியும், கேட்டாலும் சில நேரம் நெளிவு சுளிவாகத்தான் பதில் வரும்.

பெரிய நிறுவனங்கள் விதியைச் சமாளிக்கக் கண்டுபிடித்த வழி, முன்கூட்டியே வாங்கும் ஒப்புதல். உங்கள் விவகாரத்தோடு தொடர்பில்லாதவற்றில் உங்களுக்கு எதிராக உள்ள எங்கள் பிற கட்சிக்காரர்களுக்கும் நாங்கள் வேலை செய்யலாம் என்று ஒப்பந்தத்தின் நடுவில் ஒரு பத்தி இருக்கும். பலர் அதைப் படிக்காமலே கையெழுத்திடுகிறார்கள். ஜே-எம் மேனுஃபேக்சரிங் என்ற குழாய் தயாரிப்பு நிறுவனமும் அப்படி ஒரு பத்தியில் கையெழுத்திட்டிருந்தது. தரக்குறைவான குழாய்களை அரசு அமைப்புகளுக்கு விற்றதாக அதன்மேல் வழக்கு. அதற்காக நின்ற ஷெப்பர்ட் மல்லின் நிறுவனத்துக்கு, எதிர்த்தரப்பிலிருந்த தண்ணீர் வாரியங்களில் ஒன்று வேறொரு விஷயத்தில் கட்சிக்காரர். இது வெளியே வந்ததும் நீதிமன்றம் ஷெப்பர்ட் மல்லினை வழக்கிலிருந்து நீக்கியது. அதற்குள் 16 மாத வேலை, ஏறத்தாழ 10,000 மணி நேரம், சுமார் 38 லட்சம் டாலர் கட்டணம் ஆகியிருந்தது. கட்டணத் தகராறு கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் வரை போனது. தெரிந்த முரணைச் சொல்லாமல் வாங்கிய பொதுவான ஒப்புதல் செல்லாது, ஒப்பந்தமே அமல்படுத்தத் தக்கதல்ல என்று 2018 ஆகஸ்டில் அது தீர்ப்பளித்தது. செய்த வேலைக்கு நியாயமான கூலி கேட்க மட்டும் ஒரு வாசலைத் திறந்து வைத்தது. கட்சிக்காரர் நிலையிலிருந்து பார்த்தால் நஷ்டம் பணத்தோடு முடியவில்லை. வழக்கை உள்ளும் புறமும் தெரிந்திருந்த அணி பாதியில் போய்விட்டது.

இப்படிச் சொல்வதால் பெரிய நிறுவனம் என்பதே தேவையற்ற ஆடம்பரம் என்று முடிவு கட்டிவிட முடியாது. அது பெரிதானதற்குக் காரணம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் பால் கிராவத் ஏற்படுத்திய முறைதான் இன்றைய பெரிய நிறுவனங்களின் மூல வரைபடம். சட்டக் கல்லூரியின் முதல் வரிசை மாணவர்களை எடுப்பது, பெரிய வழக்கைத் துண்டு துண்டாக்கி அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, சில ஆண்டுகளில் பங்குதாரராக உயர்த்துவது, தேறாதவர்களை வெளியே அனுப்புவது. ஐ.பி.எம். நிறுவனத்தின்மேல் அமெரிக்க அரசு 1969 ஜனவரியில் போட்ட ஏகபோகத் தடை வழக்கில் இந்த முறையின் பலம் தெரிந்தது. 1975-இல் தொடங்கிய விசாரணை 700 நாட்களுக்கும் மேல் நடந்தது. சாட்சியப் பதிவுகள் மட்டும் லட்சம் பக்கங்களைத் தாண்டின. 1982 ஜனவரியில், வழக்கில் சாரமில்லை என்று அரசே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஐ.பி.எம். தரப்பில் அத்தனை ஆண்டுகளும் நின்றது கிராவத் நிறுவனம். எத்தனை திறமைசாலிகளானாலும் பன்னிரண்டு பேர் அந்தச் சுமையைத் தாங்கியிருக்க மாட்டார்கள்.

அந்தச் சுமையின் அளவு இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. ஆவணக் குவியலைப் புரட்டுவதற்கு நூறு இளைஞர்கள் வேண்டியிருந்த இடத்தில் கணினி வந்துவிட்டது. பொருத்தமான ஆவணங்களை மென்பொருளே பயிற்சி பெற்றுப் பிரித்தெடுக்கும் முறையை நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தின் மாஜிஸ்திரேட் நீதிபதி ஆண்ட்ரூ பெக் 2012-இலேயே ஏற்றுக்கொண்டார். பெரிய நிறுவனத்தின் தனிச் சொத்தாக இருந்த ஆள்பலத்தின் ஒரு பகுதி அன்றிலிருந்து வாடகைக்குக் கிடைக்கும் சரக்காகிவிட்டது. ஆனால் பத்து நாடுகளில் ஒரே நாளில் கையெழுத்தாக வேண்டிய நிறுவன இணைப்புக்கு, வரி, போட்டிச் சட்டம், தொழிலாளர் சட்டம், கடன் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே இரவில் ஆள் வேண்டும். அங்கே பெரிய நிறுவனத்துக்கு மாற்று இல்லை. சிறிய நிறுவனங்கள் ஐந்தைச் சேர்த்துக் கட்டினால் கட்சிக்காரரே ஒருங்கிணைப்பாளர் ஆகி, அந்த வேலையிலேயே களைத்துப் போவார்.

வழக்காடுவதில் நிலைமை வேறு. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு நடந்ததைப் பார்க்கலாம். ஃபேனி மே, ஃப்ரெடி மேக் என்ற இரண்டு வீட்டுக்கடன் நிறுவனங்களும் அமெரிக்க அரசின் வீட்டுநிதி முகமையின் பொறுப்பில் வந்தன. மோசமான கடன்களைப் பொதிந்து அவற்றின் தலையில் கட்டியதாக 2011-இல் அந்த முகமை 18 நிதி நிறுவனங்கள்மேல் வழக்குத் தொடுத்தது. ஜே.பி. மார்கன், பேங்க் ஆஃப் அமெரிக்கா, கோல்ட்மேன் சாக்ஸ் என்று வால் ஸ்ட்ரீட்டின் முழுப் பட்டியலும் எதிர்த்தரப்பில். அந்த வங்கிகளை நம்பித் தொழில் நடத்தும் நியூயார்க்கின் பெரிய நிறுவனங்களால் இதைத் தொட முடியாது. வந்தது குவின் இமானுவேல். 1986-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய அந்த நிறுவனம், வழக்காடுவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை என்று தொடக்கத்திலிருந்தே வைராக்கியம் பிடித்தது. ஒப்பந்தம் எழுதும் துறையே அங்கு இல்லை. அதனால் வங்கிகளின் தயவும் தேவைப்படவில்லை. பெரும்பாலான வங்கிகள் சமரசத்துக்கு வந்தன. விசாரணை வரை போன நோமுராவும் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லண்டும் 2015-இல் 80.6 கோடி டாலர் கொடுக்கும்படி நீதிபதி டெனிஸ் கோட் உத்தரவிட்டார்.

குவின் இமானுவேல் சிறிய நிறுவனம் அல்ல. இன்று அதில் ஆயிரம் பேர் அளவுக்கு வழக்கறிஞர்கள். பெரியது, சிறியது என்ற எதிர்நிலை இங்கே உடைந்து போகிறது. வங்கிகளுக்கு எதிராக நிற்க அதற்குச் சுதந்திரம் கொடுத்தது, ஒரு வகைத் தொழிலை வேண்டாமென்று ஒதுக்கிய முடிவு. ஆள் எண்ணிக்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை. பொட்டிக் என்ற பெயரை நான் அளவோடு மட்டும் சேர்த்துப் பார்க்கத் தயங்குவது இதனால்தான். எதைச் செய்ய மறுக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் போதும், எதைச் செய்யக் கூடியவர்கள் என்பது விளங்கிவிடும்.

இந்த நிலைமையை நாடகம் போல் காட்டும் வாழ்க்கை டேவிட் பாய்ஸுடையது. ஐ.பி.எம். வழக்கில் வேலை பார்த்து வளர்ந்த கிராவத்தின் நட்சத்திர வழக்கறிஞர். 1997-இல் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணி, அடிடாஸ் நிறுவனத்தோடு செய்துகொண்ட விளம்பர ஒப்பந்தம் தொடர்பாக பேஸ்பால் லீக்கின் மீதும் மற்ற அணிகளின் மீதும் வழக்குப் போட விரும்பியது. யாங்கீஸுக்காக நிற்க பாய்ஸ் தயார். ஆனால் எதிர்த்தரப்பில் இருந்த அட்லாண்டா அணி டைம் வார்னருக்குச் சொந்தம். டைம் வார்னர் கிராவத்தின் பெரிய கட்சிக்காரர். அது ஆட்சேபித்தது. பாய்ஸ் வெளியேறி ஜானதன் ஷில்லரோடு சேர்ந்து புது நிறுவனம் தொடங்கினார். அந்த ஆண்டு முடிவதற்குள் மைக்ரோசாஃப்ட்மேல் போடப்போகும் ஏகபோக வழக்குக்காக அமெரிக்க நீதித்துறை அவரை அழைத்தது. 1998-இல் பில் கேட்ஸைக் காணொளிப் பதிவில் அவர் குறுக்கு விசாரணை செய்த காட்சிகள் உலகமெங்கும் பேசப்பட்டன.

நட்சத்திர வழக்கறிஞரைச் சுற்றி ஆள் சேர்ந்தது. நிறுவனம் வளர்ந்து நூற்றுக்கணக்கானவர்களின் நிறுவனமானது. வளர்ந்ததும் எதிலிருந்து தப்பி வந்ததோ அதிலேயே போய் மாட்டியது. 2017-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் சில விவகாரங்களில் பாய்ஸ் ஷில்லரின் கட்சிக்காரர். அதே நேரத்தில், திரைப்படத் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீனைப் பற்றி அந்த நாளிதழ் வெளியிடவிருந்த செய்தியைத் தடுக்க முயன்ற பிளாக் க்யூப் என்ற துப்பறியும் நிறுவனத்தோடு வைன்ஸ்டீனுக்காக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார் பாய்ஸ். விஷயம் வெளியானதும் டைம்ஸ் அந்த நிறுவனத்தோடு உறவை முறித்துக்கொண்டது. சிறியதாகத் தொடங்கியது என்பதற்காக ஒரு நிறுவனம் முரண்களிலிருந்து நிரந்தரமாக விடுபட்டுவிடுவதில்லை.

கதை அங்கேயும் நிற்கவில்லை. பாய்ஸ் ஷில்லரின் முன்னணி வழக்கறிஞர்கள் கேரன் டன்னும் பில் ஐசக்சனும் 2020-இல் பால் வைஸ் என்ற பெரிய நிறுவனத்துக்குப் போனார்கள். 2025 மார்ச்சில் பால் வைஸ்மேல் அதிபர் டிரம்ப் ஒரு நிர்வாக உத்தரவு போட்டார். அரசுக் கட்டடங்களுக்குள் நுழைவது முதல் அதன் கட்சிக்காரர்களின் அரசு ஒப்பந்தங்கள் வரை கைவைக்கும் உத்தரவு. ஒரு வாரத்துக்குள் அந்த நிறுவனம் 4 கோடி டாலர் மதிப்புள்ள இலவசச் சட்டச் சேவை செய்வதாக ஒத்துக்கொண்டு உத்தரவை ரத்து செய்ய வைத்தது. அதைப் பார்த்து மேலும் எட்டு பெரிய நிறுவனங்கள் இதே பாணியில் இணங்கின. மொத்த வாக்குறுதி 94 கோடி டாலர். பெர்கின்ஸ் கூயி, ஜென்னர் அண்ட் பிளாக், வில்மர்ஹேல், சஸ்மன் காட்ஃப்ரி ஆகிய நான்கும் இணங்காமல் நீதிமன்றம் போயின. வாஷிங்டன் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் நான்கு நீதிபதிகள் தனித்தனியே நான்கு உத்தரவுகளையும் சட்ட விரோதம் என்று தள்ளினார்கள். அந்த ஆண்டு மே மாதத்திலேயே டன்னும் ஐசக்சனும் பால் வைஸிலிருந்து விலகி, சகாக்களோடு சொந்த நிறுவனம் தொடங்கினார்கள்.

எதிர்த்து நின்ற நான்கில் மூன்று பெரிய நிறுவனங்கள். ஆகவே பெரியது பணிந்தது, சிறியது நிமிர்ந்தது என்று கதை கட்ட இடமில்லை. எனக்குத் தெரியும் வேறுபாடு வருமானத்தின் ஊற்று. நிறுவன இணைப்புகளுக்கு அரசு முகமைகளின் அனுமதி வாங்கித் தருவதில் பெரும் வருமானம் பார்ப்பவர்களுக்கு அரசின் கோபம் தாங்க முடியாதது. வழக்காடியே வாழ்பவர்களுக்கு அரசை எதிர்ப்பது தொழிலின் ஒரு பகுதி. நான்கில் முற்றிலும் வழக்காடும் நிறுவனமான சஸ்மன் காட்ஃப்ரி, வில்மர்ஹேலின் வக்காலத்தை ஏற்றுக்கொண்ட கிளமென்ட்டின் புதிய நிறுவனம் ஆகியவற்றை இந்தக் கண்ணோடு பார்த்தால் பொருந்தி வருகிறது. துப்பாக்கி உரிமைக்கு வாதாடிய பழமைவாதி, ஜனநாயகக் கட்சிக்கு நெருக்கமானது என்று பெயரெடுத்த நிறுவனத்துக்காக அதிபரை எதிர்த்து நின்றார். ஒரு பெரிய நிறுவனத்துக்குள்ளிருந்து அவரால் அதைச் செய்திருக்க முடியுமா என்பது சந்தேகமே.

இனி பணம். சிறியது மலிவு என்பது பரவலான நம்பிக்கை. அதை நம்பிப் போனால் ஏமாறலாம். பெரிய நிறுவனத்தின் கட்டணம் மணிக்கணக்கில் ஏறுவது உண்மை. நியூயார்க்கின் பெரிய நிறுவனங்களில் கல்லூரி முடித்து வரும் முதலாண்டு அசோசியேட்டின் அடிப்படைச் சம்பளம் 2023 இறுதியில் 2,25,000 டாலர் ஆனது. அந்தச் சம்பளத்தையும் பங்குதாரரின் லாபத்தையும் யாரோ ஒருவர் கொடுத்தாக வேண்டும். முதல் சந்திப்பில் தலைநரைத்த பங்குதாரர் வந்து பேசுவார். கையெழுத்தான பிறகு வேலை கீழே இறங்கும். மூத்தவர் ஒருவரின் கீழ் எத்தனை இளையவர்கள் என்பதில்தான் நிறுவனத்தின் லாபக் கணக்கு இருக்கிறது. பொட்டிக்குகளில் இந்த விகிதம் குறைவு. நிறுவனக் கையகப்படுத்தல்களுக்குப் பேர்போன வாக்டெல் லிப்டனில் பங்குதாரர் ஒருவருக்கு அசோசியேட்டுகள் மிகக் குறைவு.

அந்த வாக்டெல் எவ்வளவு வாங்கியது? 2022-இல் எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்க ஒத்துக்கொண்டு பிறகு பின்வாங்கியபோது, வாக்கைக் காப்பாற்ற வைக்கும்படி டெலவேர் நீதிமன்றத்தில் ட்விட்டருக்காக வழக்குப் போட்டது அது. ஜூலையில் வழக்கு, அக்டோபர் இறுதியில் மஸ்க் முழு விலையும் கொடுத்து வாங்கினார். சில மாத வேலைக்குக் கட்டணம் 9 கோடி டாலர். நிறுவனம் கைமாறிய பிறகு அந்தத் தொகையைத் திருப்பித் தரும்படி 2023-இல் மஸ்க்கின் எக்ஸ் கார்ப் வாக்டெல்மேலேயே வழக்குப் போட்டது சுவையான பின்கதை. பழைய ட்விட்டரில் பங்கு வைத்திருந்தவர்களைக் கேட்டால் அதைவிட லாபகரமான செலவு இல்லை என்பார்கள்.

சஸ்மன் காட்ஃப்ரியின் கணக்கு வேறு மாதிரி. 1980-இல் ஹூஸ்டனில் ஸ்டீஃபன் சஸ்மன் தொடங்கிய அந்த நிறுவனம் வென்றால் பங்கு, தோற்றால் இல்லை என்ற ஏற்பாட்டில் வழக்குகளை எடுப்பதற்குப் பேர் பெற்றது. ஆபத்தைக் கட்சிக்காரரோடு பகிர்ந்துகொள்ளும் நிறுவனம் வழக்கைத் தேர்ந்தெடுப்பதிலேயே கறாராக இருக்கும். வாக்குப்பதிவு இயந்திர நிறுவனமான டொமினியன், ஃபாக்ஸ் நியூஸ்மேல் 2021-இல் 160 கோடி டாலர் கேட்டுப் போட்ட அவதூறு வழக்கில் சஸ்மனும், அவதூறு வழக்குகளுக்கென்றே கிர்க்லண்டிலிருந்து பிரிந்து வந்த இருவர் தொடங்கிய கிளேர் லாக் நிறுவனமும் நின்றன. ஃபாக்ஸ் தரப்பில் வின்ஸ்டன் அண்ட் ஸ்ட்ரான் போன்ற பெரிய பெயர்கள். 2023 ஏப்ரல் 18 அன்று விசாரணை தொடங்கவிருந்த நேரத்தில் 78.75 கோடி டாலருக்குச் சமரசமானது.

நிலைத்தன்மை பற்றியும் ஒரு வார்த்தை. சிறிய நிறுவனத்தில் ஒருவருக்கு உடல்நலம் கெட்டால் வழக்கே தள்ளாடும் என்ற பயம் நியாயமானது. பெரிய நிறுவனம் அதற்குக் காப்பீடு என்று நினைப்பவர்கள் டூயி அண்ட் லபஃப் கதையைப் படிக்க வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வழக்கறிஞர்களோடு 2007 இணைப்பில் உருவான அந்த நிறுவனம் 2012 மே மாதத்தில் திவால் மனு போட்டது. அமெரிக்க விதிகளின்படி வழக்கறிஞரைப் போட்டித் தொழிலுக்குப் போகாமல் கட்டிப்போடும் ஒப்பந்தம் செல்லாது. வருமானம் கொண்டுவரும் பங்குதாரர் எந்த நாளும் எழுந்து போகலாம், கட்சிக்காரரும் கூடவே போகலாம். நான்கு பேர் கிளம்பினால் மற்றவர்கள் கதவைப் பார்க்கத் தொடங்குகிறார்கள்.

இந்தியாவில் இந்தக் கேள்வி இப்படியே எழுவதில்லை. 1956-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் 20 பேருக்கு மேற்பட்ட கூட்டு வணிகத்தை அனுமதிக்கவில்லை. சட்ட நிறுவனங்களுக்கும் அந்த உச்சவரம்பு இருந்தது. வரம்புப் பொறுப்புக் கூட்டாண்மைச் சட்டம் 2008-இல் வந்து, 2013 கம்பெனிச் சட்டம் தொழில்முறையாளர்களுக்கு விலக்களித்த பிறகே வாசல் முழுதாகத் திறந்தது. பார் கவுன்சில் விதிகள் விளம்பரத்தைத் தடுக்கின்றன. வழக்கின் பலனில் பங்கு கேட்பதையும் தடுக்கின்றன. ஆகவே சஸ்மன் போன்ற நிறுவனம் இங்கே பிறக்கவே வழியில்லை. அதைவிட முக்கியமானது சீனியர் முறை. வழக்கறிஞர் சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி மூத்த வழக்கறிஞராக அறிவிக்கப்பட்டவர் வக்காலத்து தாக்கல் செய்ய முடியாது. இன்னொரு வழக்கறிஞர் மூலமாகத்தான் வர முடியும். சென்னை உயர் நீதிமன்றத்தில் பெரிய கம்பெனிக்காக நிற்கும் பெரிய நிறுவனமும், ஒற்றை அறை அலுவலகம் வைத்திருக்கும் வழக்கறிஞரும், வாதத்துக்கு ஒரே சீனியரின் சேம்பர் வாசலில் காத்திருக்கலாம். தனித்திறமை நிறுவனத்துக்கு வெளியே தனியாக வாடகைக்குக் கிடைக்கிறது. இங்கே பெரிய நிறுவனத்திடம் வாங்குவது பெரும்பாலும் ஆவணத் தயாரிப்பும் ஒருங்கிணைப்பும்தான். அதற்கு என்ன விலை என்று பேரம் பேசுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அமெரிக்க நிலைமை நேரடியாகக் கதவைத் தட்டும் இடம் ஒன்று நம் ஊரில் உண்டு. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதியாளர் ஒருவர் அமெரிக்கச் சில்லறைச் சங்கிலி ஒன்றுக்குக் கடனுக்குச் சரக்கு அனுப்பியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் காலையில் அந்தச் சங்கிலி திவால் மனு போட்ட செய்தி வருகிறது. 2017-இல் டாய்ஸ் ஆர் அஸ், 2018-இல் சியர்ஸ், 2020-இல் ஜே.சி. பென்னி, 2023-இல் பெட் பாத் அண்ட் பியாண்ட் என்று இது அடிக்கடி நடக்கிறது. பதறிப்போய் கேள்விப்பட்ட பெரிய பெயர்களைத் தேடினால், இந்த நான்கில் மூன்றில் கடனாளி தரப்பில் நின்றது கிர்க்லண்ட். சியர்ஸுக்கு வைல் காட்ஷல். மிச்சமிருக்கும் பெரிய நிறுவனங்களில் பலவும் கடன் கொடுத்த வங்கிகளுக்கோ முதலீட்டு நிதிகளுக்கோ வேலை செய்துகொண்டிருக்கும்.

அவருக்குத் தேவை, பிணையில்லாத சிறு கடன்காரர்களுக்காகவே தினமும் நிற்கும் ஒரு சிறிய அலுவலகம். மனு போடுவதற்கு முந்தைய 20 நாட்களுக்குள் கடனாளி பெற்ற சரக்கின் விலைக்கு, மற்ற பிணையில்லாக் கடன்களைவிட முன்னுரிமை உண்டு என்று அமெரிக்கத் திவால் சட்டம் 2005 திருத்தத்துக்குப் பிறகு சொல்கிறது. 'பெற்ற' என்பது எந்த நாள்? தூத்துக்குடியில் கப்பலில் ஏற்றிய நாளா, அமெரிக்காவில் இறங்கிக் கைக்கு வந்த நாளா? வேர்ல்ட் இம்போர்ட்ஸ் என்ற மரச்சாமான் வியாபாரத் திவாலில் இதே கேள்வி வந்தது. சீனாவிலிருந்து 2013 மே மாதம் எஃப்.ஓ.பி. முறையில் கப்பலேறிய சோஃபாக்கள் ஜூன் மூன்றாம் வாரம் அமெரிக்காவில் கைக்கு வந்தன. ஜூலைத் தொடக்கத்தில் திவால் மனு. கப்பலேறியதும் பொறுப்பு வாங்குபவருக்கு மாறிவிட்டது, ஆகவே 20 நாள் கடந்துவிட்டது என்று கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் சொல்லிவிட்டன. மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் அதை மாற்றியது. பொருள் வாங்குபவரின் கையில் நேரடியாக வந்து சேர்ந்த நாளே கணக்கு என்றது.

மூன்றாம் வட்டாரத்தில் டெலவேரும் நியூ ஜெர்சியும் அடங்கும். பெட் பாத் மனு போட்டது நியூ ஜெர்சியில், ஜே.சி. பென்னி டெக்சாஸில், அது வேறு வட்டாரம். எந்த நீதிமன்றம், எந்தக் கப்பல், எந்த நாள் என்பதை ஏற்றுமதியாளர் கப்பல் ஆவணங்களோடு எடுத்து வைத்துக்கொண்டு, முதல் மின்னஞ்சலிலேயே வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியது, இந்தக் கடனாளிக்கும் அதற்குக் கடன் கொடுத்த வங்கிகளுக்கும் எதிராக நிற்க உங்களுக்குத் தடை உண்டா என்பது. கோரிக்கை தாக்கல் செய்ய நீதிமன்றம் ஒரு கடைசித் தேதி குறிக்கும். அந்தத் தேதி தாண்டிய பிறகு கிடைக்கும் நல்ல வழக்கறிஞரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.